பதில் சொல்கிற கை

இரண்டு வெல்டிங் ஆர்க்குகளை, கம்பி முனையில் பற்றுகிற மின்சுடர்களை, அக்கம்பக்கமாக எரியவிட்டால் அவை சும்மா இருக்காது. ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். இரண்டிலும் ஓடுவது மின்சாரம். மின்சாரம் ஓடுகிற இடத்தில் காந்தம் பிறக்கும். காந்தம் பிறந்தால் இழுபறிதான். கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்த சகலைகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயை மூடிக்கொண்டால் சாப்பாடு நல்லபடியாக முடியும். இரண்டு பேரும் சேர்ந்து குரலை உயர்த்தினால் தீர்ந்தது. அதனால் மின்சாரம் கொடுக்கிற இரண்டு பவர் சோர்ஸுக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்து, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி முறை கட்டியிருப்பார்கள். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை அந்த முறை மாறும். அந்தப் பெட்டியின் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சுகன்யாவின் வேலை. துவாக்குடியில், ஹைட்ரஜன் கலன்கள் செய்கிற தொழிற்சாலையில், மூன்றாம் கூடத்தில், பதினாறு வருஷமாக.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை. புதுசு என்னவென்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியோடு ஆட்களின் கைகளையும் சேர்த்துக் கட்டினார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கலன்களின் சுவர் ஒரு சாண் தடிமன். நேராக ஓடுகிற வெல்டிங் தையலை எல்லாம் ரோபோ போட்டுவிடும், நம்மை ஒரு வார்த்தை கேட்காது. கலனின் வாய்ப்பக்கம் வளைந்து வளைந்து போகிற இடத்தில்தான் அது திணறும். அங்கே இடைவெளி ஒரு விரற்கடைக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த இடத்துக்கு ஆள்தான் வேண்டும், அதுவும் இரண்டு ஆள். முன்னால் ஒருத்தர் உருக்கிக்கொண்டே போக, ஒட்டினாற்போல் பின்னால் ஒருத்தர் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். எஃகு உருகி நிற்கிற குளம் ஒன்றுதான், அதில் இறங்குகிற கை இரண்டு. அந்த இரண்டு கையும் ஒரே ஆளுடைய கை மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்காக மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பட்டை ஒன்று வந்தது. முதல் பட்டை, முன்னால் போகிறவரின் நரம்பு என்ன செய்யப்போகிறது என்பதைப் படிக்கும். இரண்டாம் பட்டை அதைப் பின்னால் வருகிறவரின் மணிக்கட்டில் மெல்லிய துடிப்பாகச் சொல்லும். முதல் கை நகர்வதற்கு முன்பே இரண்டாம் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையின் அசைவும் திரையில் இரண்டு கோடாக ஓடும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. கூடத்தில் எல்லாரும் காப்பு என்றார்கள்.

முதல் கை தங்கதுரை, சுகன்யாவின் கணவன். இரண்டாம் கை ஷேக் தாவூது. திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து இரண்டு பேரும் மாப்ள, மாப்ளதான். தையல் போட்டு முடித்ததும் வெல்டர் தன் எண்ணை அதன் ஓரத்தில் உளி வைத்துத் தட்டிப் பதிக்க வேண்டும் என்பது தொழிலின் வழக்கம். நாளைக்கு எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக. காப்பு வந்த பிறகு ஒரே தையல் ஓரத்தில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. 417, 233.

காப்பு வந்தபோது ஒரு சண்டையும் வந்தது. கை நடுங்குகிற ஆளைப் பெட்டியே கண்டுபிடித்து நிறுத்திவிடும் என்றது கம்பெனி. சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனை வேலையிலிருந்து எழுப்பி அனுப்புவதாக இருந்தால் அதை இன்னொரு மனுஷன் அவன் முகத்தைப் பார்த்துச் செய்யட்டும், மிஷின் செய்யக் கூடாது என்றது. பதினெட்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சங்கம் சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் திரையைப் பார்க்கிறவர் ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் நேரே ‘இயல்பு’ என்றோ ‘நடுக்கம்’ என்றோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுக்கம் என்று எழுதினால் மறுநாள் அந்த ஆள் வெல்டிங் டார்ச்சைத் தொட முடியாது. மருத்துவக் குழு பார்க்கும், சிகிச்சை கொடுக்கும், வேறு இடத்தில் உட்கார வைக்கும். டார்ச்சுக்குத் திரும்பி வந்தவர் என்று இதுவரை ஒருத்தரும் இல்லை. அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் கை வலிக்கக் கைதட்டியவர்களில் சுகன்யாவும் ஒருத்தி. எழுதப்போவது தன் கை என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, திரையில் முதல் கைக்கு உரிய கோட்டில் ஒரு சின்ன நெளிவைப் பார்த்தாள். காற்றில் கொடி ஆடுகிற அளவுதான். மறுநாளும் இருந்தது. அடுத்த வாரம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதைவிட விநோதம் இரண்டாம் கோடு. முதல் கோடு மேலே துள்ளுகிற இடத்தில் எல்லாம் இரண்டாம் கோடு அதே அளவு கீழே இறங்கியது. முதல் கை செய்கிற தப்பை இரண்டாம் கை அந்தக் கணத்திலேயே சரிக்கட்டிக்கொண்டிருந்தது. உருகிய குளத்தில் சலனமே இல்லை. எக்ஸ்ரேக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இந்த வருஷத்துச் சிறந்த தையல் என்று பாராட்டி அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலில் கை நடுக்கம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வெல்டிங் கம்பியில் மாங்கனீஸ் இருக்கிறது; புகையில் கலந்து வருகிறது; வருஷக்கணக்கில் உள்ளே போய் மூளையில் படிகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து ஆளைப் புகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அந்த மட்டில் நிறுத்தி வைக்கலாம். விட்டுவிட்டால் கையோடு நிற்காது, கால், நாக்கு என்று போகும்.

வீட்டில் பார்த்தாள். தங்கதுரை காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிடிக்காத நேரத்தில் வலது கை மடியில் கிடந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பது தெரிந்தால் துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொள்வார். அவளும் பார்க்காதவள் மாதிரி எழுந்து போய்விடுவாள். மறுநாளிலிருந்து அவருக்கு அரை டம்ளர் காபிதான் ஊற்றினாள், ததும்பாமல் இருக்கட்டும் என்று. பாதி முடிந்ததும் இன்னும் கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டு ஊற்றுவாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு உபசாரம் எப்போது வந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் விதி. முகத்தைப் பார்த்தாள், எழுத வரவில்லை. டார்ச் இல்லாத தங்கதுரையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்திருக்க முடியாமல் தெருவில் யார் வீட்டுக் கேட் கீச்சென்றாலும் போய் நிற்கிற ஆள். ‘இயல்பு’ என்று எழுதினாள். முதல் நாள் எழுதியபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. பத்தாம் நாள் அடித்துக்கொள்ளவில்லை. அதை நினைத்துத்தான் அன்றைக்கு அழுதாள்.

தாவூதின் மேல் அவளுக்குச் சொல்ல முடியாத நன்றி. தன் புருஷனைக் கையில் ஏந்திக்கொண்டு போகிற மனுஷன் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்ல வழியில்லை, அதனால் சமைத்துப் போட்டாள். இட்லியும் கருவாட்டுக் குழம்பும் என்றால் தாவூதுக்கு உயிர். மனைவி தவறிய பிறகு பெரும்பாலும் ஓட்டல் சாப்பாடுதான். வாரத்துக்கு இரண்டு தடவை தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன தங்கச்சி விசேஷம் என்பார். நிறைய ஆகிப்போச்சுண்ணே என்பாள். முன்பெல்லாம் கொடுத்த இடத்திலேயே மூடியைத் தட்டாக்கிச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டே பாத்திரத்தைத் திருப்பித் தருகிறவர், இப்போது வீட்டில் போய் நிதானமாகச் சாப்பிடுகிறேன் என்று எடுத்துப்போனார். சட்டையை விட்டுவிட்டுக் கழுத்து வழியாக மாட்டுகிற பனியன்களில் வர ஆரம்பித்திருந்தார். காலேஜ் பையன் கணக்கா இருக்கீங்களே, எங்கயாவது பொண்ணு பாத்துருக்கா என்று அவள் சீண்டினாள். காத்தோட்டமா இருக்கு தங்கச்சி என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், அவ்வளவுதான்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது தங்கதுரையின் கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதி வழியில் நின்று ஆடியது. அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பசிக்கவில்லை என்றார். அன்றைக்குச் சுகன்யா முடிவு செய்தாள். கம்பெனி டாக்டரிடம் போனால் பதிவாகிவிடும். தில்லை நகரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் தனக்குத் தலைவலி என்று சொல்லி நேரம் வாங்கினாள். துணைக்கு வாங்க என்று அவரை அழைத்துப் போனாள். உள்ளே போனதும் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவருக்குத்தான் டாக்டர் என்றாள். தங்கதுரை அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

டாக்டர் மீனலோசனிக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். ரத்தம் எடுத்தார், தலைக்குப் படம் எடுத்தார். நாலு நாள் கழித்து வரச் சொல்லி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ரத்தத்தில் மாங்கனீஸ் பயப்படுகிற அளவில் இல்லை, படத்திலும் ஒன்றும் இல்லை என்றார். பிறகு தண்ணீர் டம்ளர் ஒன்றைத் தங்கதுரையின் கையில் கொடுத்தார். தண்ணீர் ததும்பியது. டாக்டர் தன் இரண்டு விரலை அவர் மணிக்கட்டுக்குக் கீழே கொடுத்து வேண்டுமென்றே சின்னச் சின்னதாக ஆட்டினார். தண்ணீர் அசையாமல் நின்றது. விரலை எடுத்தார். மறுபடி ததும்பியது.

“பாத்தீங்களாம்மா? நான் ஆட்டினா நிக்குது. விட்டா ஆடுது.”

சுகன்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இது நடுங்கற கை இல்ல. நடுங்கற ஒரு கைக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகின கை. எதிர்ல அந்தக் கை இல்லாதப்பவும் இது பதில் சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கு இந்த மாதிரி ஒரு கேஸ் வந்ததே இல்ல. என்ன வேலை பாக்கறார்?”

சுகன்யா காப்பைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பழக்கத்தை விட்டால் இது ஆறு மாதத்தில் தானாகச் சரியாகும் என்றார். எழுதுகிற பேனாவை நிறுத்திவிட்டு, “இவருக்கு எதிர்ல இருக்கறவர் யாரோ, அவரைத்தான் நான் பாக்கணும். இன்னிக்கே பாத்தாலும் லேட்டுதான்” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது தங்கதுரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பால்பண்ணை தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள். என்னங்க, டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஆம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை.

மறுநாள் ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே போய்விட்டாள். போகும்போது தூக்குவாளியும் கையில் இருந்தது, அன்றைக்குத் தாவூதுக்குக் கொடுக்கிற முறை. கூடத்தில் ஆள் இல்லை. திரையைப் போட்டு, காப்பு கட்டிய முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வாரத்தின் கோடுகளையும் வரிசையாக வரவழைத்தாள். முதல் பதினாலு மாதம் முதல் கோடு கயிறு கட்டினாற்போல் நேராக இருந்தது. இரண்டாம் கோட்டில், கடைசி ஒரு மாதத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற ஒரு நெளிவு. அப்புறம் ஆயுத பூஜை விடுமுறை. விடுமுறைக்கு மறுநாளே நெளிவு முதல் கோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டாம் கோடு அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது.

நோய் ஒரு ஆளை விட்டு இன்னொரு ஆளுக்கு ஒரு லீவு நாளில் தாவுமா? அவளுக்குப் பூஜை நினைவுக்கு வந்தது. டார்ச்சுகளையும் பவர் சோர்ஸ்களையும் துடைத்துப் பொட்டு வைத்தவள் அவள்தான். இரண்டு காப்பையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, நம்ம அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நல்லா இருக்கட்டும் என்று தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். மறுநாள் காலையில் காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தபோது, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஒட்டியிருந்த தாள்கள் இரண்டும் ஊறிக் கையோடு வந்துவிட்டன. பசை தடவித் திரும்ப ஒட்டினாள். எது எதில் இருந்தது என்று யோசித்துத்தான் ஒட்டினாள்.

அலமாரியைத் திறந்து காப்புகளை எடுத்தாள். தங்கதுரைக்குப் பருத்த மணிக்கட்டு, வாரை இரண்டாவது ஓட்டையில் மாட்டுவார். தாவூது ஒல்லி, ஐந்தாவது. எண் ஒன்று என்று ஒட்டியிருந்த காப்பில் ஐந்தாவது ஓட்டை பழசாகத் தேய்ந்து நீண்டிருந்தது, இரண்டாவது ஓட்டை புதுசாகத் தேய்ந்திருந்தது. மற்றதில் அப்படியே நேர்மாறு. தாளைப் பார்த்து அவரவர் மாட்டிக்கொண்டார்கள். பெட்டிக்குத் தாள் தெரியாது, காப்புதான் தெரியும். எட்டு மாதமாக முதல் கோடு என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது தாவூதின் கை.

அவருக்கில்லை. கடவுளே, தங்கதுரைக்கு இல்லை. முதலில் வந்தது அந்த நிம்மதிதான். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிம்மதி வந்த வேகத்தை நினைத்து அடுத்த நிமிஷமே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தூக்குவாளி மேஜை மேல் இருந்தது. பனியன் எதற்கு என்று இப்போது தெரிந்தது. பொத்தான் போட வரவில்லை அந்த மனுஷனுக்கு. அவள் பெண் பார்த்திருக்கிறதா என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

தங்கதுரை உள்ளே வந்தபோது இரண்டு காப்பும் மேஜையில் இருந்தன. அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்பத் தெரியும் என்று அவள் கேட்டாள்.

“மாட்டின அன்னிக்கே தெரியும். ஓட்டை வேற மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன்.” தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “பதினாலு மாசமா நான் குடுக்கற ஆளு, அவன் வாங்கற ஆளு. அவன் கை எனக்கு வந்ததே இல்ல. காப்பு மாறினதும் வந்துச்சு சுகன்யா. அவன் எப்படி நடுங்கறான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. என் கை தானா அதைப் பிடிச்சு நிறுத்துச்சு. நான் யோசிக்கக்கூட இல்ல.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் தாவூதை மூன்று மாதம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்களே, ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். கல்யாணமான புதிதில் கேள்விப்பட்டது அவளுக்கு ஞாபகமிருந்தது. எக்ஸ்ரேயில் ஒரு தையல் விரிசல் விட்டிருந்தது, அதன் ஓரத்தில் 233 என்று பதிந்திருந்தது. அந்தத் தையலைப் போட்டது தான் என்றார் தங்கதுரை. பொண்ணு பார்த்து முடித்திருக்கிற நேரத்தில் வேலை போனால் கல்யாணம் நின்றுபோகும் என்று தாவூது அவரைத் தள்ளிவிட்டுத் தன் எண்ணை உளி வைத்துத் தட்டினாராம். பத்தொன்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்.

“இந்தத் தடவை என் பேர்ல இருக்கட்டும்னு நினைச்சேன்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மறுநாளே எழுதியிருப்ப. அவன் பேர்லன்னா எழுதியிருப்ப. எனக்குன்னா நீ மறைப்பன்னு எனக்குத் தெரியும்.” அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது. “எழுதறதுதான் சரியும்கூட. தப்பு பண்ணினது நாந்தான். என் கை நிறுத்தறதைப் பாத்துட்டு அவனும் நல்லாத்தான் இருக்கான்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தாவூதின் பெயருக்கு நேரே நெளிவு தெரிந்திருந்தால் மூன்றாம் நாளே எழுதியிருப்பாள், அவர் நல்லதுக்குத்தான் என்று நினைத்துத் திருப்தியாகத் தூங்கியும் இருப்பாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த மனுஷனைப் புகையிலிருந்து வெளியே எடுத்திருக்கலாம். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பாசத்தைக் காட்டி, நடுவில் ஒருத்தர் மூளையில் புகையைப் படியவிட்டிருக்கிறார்கள்.

தாவூது வந்தார். வாசலிலேயே நின்று மேஜையைப் பார்த்தார். காப்பு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே வந்து தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். மூடியைத் திருப்பி வைத்து நாலு இட்லியை எடுத்துப் போட்டார். குழம்பை ஊற்றும்போது கை ஆடிப் பாதி மேஜையில் சிந்தியது. சுகன்யா எழுந்தாள். உக்காரு தங்கச்சி என்றார். பிட்டு வாய்க்குக் கொண்டுபோனார். குழம்பு முகவாயிலும் பனியனிலும் வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதமாக மறைத்ததை அவள் கண்ணெதிரே வைத்துச் சாப்பிட்டார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“நல்லா வெச்சிருக்க” என்றார். “வீட்ல உக்காந்து கீழ சிந்திச் சிந்தித் திங்கறதுல ருசியே தெரியல தங்கச்சி.”

“ஏண்ணே சொல்லல?”

தாவூது வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். “துடிப்பு நின்ன அன்னிக்கே காப்பு மாறினது எனக்கும் தெரியும். கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்தக் குளத்தப் பாப்பேன். அசங்காம நிக்கும். அதப் பாக்கறப்ப என் கையும் நல்லாத்தான் இருக்குன்னு தோணும். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் அப்படித் தோணும். அதுக்காகத்தான், வேற ஒண்ணுமில்ல.” தங்கதுரையைப் பார்த்தார். “இவன் கையும் கெட்டுப்போகுதுன்னு இவன் சொல்லல, கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்து இப்பத்தான் தெரியுது. நேத்து ராத்திரி போன் போட்டு எங்கடா லீவு போட்டுட்டுப் போனன்னு கேட்டேன், அதுக்கும் வாயத் தொறக்கல. நீ எழுது தங்கச்சி. நா சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள எழுதிடு.”

பதிவேட்டைப் பிரித்தாள். ஷேக் தாவூது, 233 என்று இருந்த இடத்துக்கு நேரே ‘நடுக்கம்’ என்று எழுதினாள். அதோடு நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தை எடுத்து, காப்பு மாறியது தன் கையால் என்று எழுதினாள். அக்டோபரிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் தான் எழுதிய ‘இயல்பு’ ஒன்றுகூட உண்மையில்லை என்று எழுதினாள். யாருக்காக என்று நினைத்து மறைத்தாள் என்பதையும் எழுதினாள். தில்லை நகர் டாக்டரின் பெயரையும், தாவூதை இன்றைக்கே அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதையும் எழுதினாள். பதினாறு வருஷ வேலை இந்த ஒரு பக்கத்தோடு போகலாம். போகட்டும் என்று இருந்தது.

கையெழுத்துப் போடுகிற இடம் வந்தது. பேனாவை வைத்தாள், முடியவில்லை. கை ஆடியது. அடக்கிப் பார்த்தாள், தோள் வரைக்கும் ஆடியது. எட்டு மாதமாக நேராக விழுந்த கையெழுத்து, உண்மையை எழுதிய அன்றைக்கு விழமாட்டேன் என்றது. பேனா முனை காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தியது. கண்ணீர் வேறு மறைத்தது.

தங்கதுரை ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். தன் வலது கையை அவள் கைமேல் வைத்தார். அழுத்தவில்லை, பிடிக்கவில்லை, சும்மா வைத்தார். அவள் கை துள்ளுகிற இடத்தில் எல்லாம் அவர் கை அதே அளவு தணிந்தது. அவர் நினைத்துச் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குள் இரண்டு கையும் அசையாமல் நின்றன. எட்டு மாதமாக மடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்த கை அது. அதற்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அரை டம்ளர் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தாவூது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். “போடு தங்கச்சி, இப்ப நேரா விழும்” என்றார்.

நேராகத்தான் விழுந்தது.